சோளகத்தின் விலை

காற்று எவருக்கும் உடைமையன்று என்று சொல்லிப் பழகிவிட்டோம். நிலத்துக்கு உரிமையாளர் உண்டு. ஆற்று நீருக்குப் பங்காளர் உண்டு. காற்றுக்கு வேலி போடுவார் யார்? தமிழ்நாட்டின் தென்கோடியிலே கடந்த நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்து இவ்வெண்ணத்தை நாம் திருத்திக்கொள்ள வேண்டியவர்களாகிறோம்.

நாம் சோளகம் என வழங்கும் தென்மேல் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களிலே நெருக்குண்டு, விசைபெற்றுக் கிழக்கே பாய்கிறது. மழையை மலை மறித்துவிட, வைகாசி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழியை அடுத்த மானாவாரி நிலங்களுக்குக் கிட்டுவது பெரும்பாலும் புழுதிக் காற்றே. அங்கே முப்பந்தல் என்றோர் ஊர். மூவேந்தரும் பந்தலிட்டுக் கூடிய இடம் என்பர். பிற்காலத்தில் அங்கு வந்தவர்கள் வேந்தரல்லர், பஞ்சாலை முதலாளிகள்.

அவர்கள் வந்த காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்க வேண்டும். 1932இல் நீலகிரியிலே அரசாங்கம் அமைத்த பைகாரா நீர்மின் நிலையத்தின் மலிவான மின்சாரமே கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளின் பெருக்கத்துக்கு வழி கோலியது. பின்னர் தேவை பெருகி, மின்வெட்டு வழக்கமாயிற்று. மாற்று வழி தேடும் பணியும் அரசாங்கத்தின் தலையிலேயே விழுந்தது. எங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்பதை அன்னா மணி என்னும் வானிலை அறிஞரின் தலைமையிலே பொதுப் பணத்தில் அளந்தனர். 1986இல் தூத்துக்குடிக்கு அருகே மாதிரிக் காற்றாலைகளை நிறுவியதும் பொதுப் பணமே.

பரிசோதனையின் நட்டம் பொதுமக்களுக்கு, பலன் யாருக்கு? காற்றாலை வாங்கிய கம்பெனி, அதன் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தன் இலாபத்திலிருந்து கழித்துக் கணக்குக் காட்டலாம் என மத்திய அரசு சலுகை அளித்தது. காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் வரி குறையும்! தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலே காற்றாலைகள் காளான்களாய் முளைத்தன. தெற்கே பிறந்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பிகள் வழியே ஆலைக்குக் கொண்டுசென்றார்கள். மிஞ்சியதை வாரியத்திடமே வைப்பிலிட்டு வேண்டியபோது மீளப் பெற்றார்கள். இலாபமீட்டும் கம்பெனிகள் குறைந்தபட்ச வரியேனும் செலுத்த வேண்டும் என்ற விதி 1996இல் வந்ததும் புதிய காற்றாலைகளின் வரவு சட்டெனச் சுருங்கியது. அவ்வாண்டு சோளகம் பொய்த்ததாக நாம் அறியோம்.

இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. நிலக்கரியும் புகையுமின்றி மின்சாரம் கிடைத்தது; ஆலைகள் நின்றுவிடாது ஓடின; காற்றாலைக்கான இறகுகளும் கோபுரங்களும் தமிழ்நாட்டிலேயே உற்பத்தியாகின்றன. 2023 அளவில் அம்மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாற்றைத் தாண்டிற்று. உற்பத்திச் சக்தியின் இவ்வளர்ச்சியை வரவேற்காதவன் முற்போக்காளனல்லன்.

ஆனால், தொடக்க காலத்தில் அங்கே நிலம் கைமாறியது மானாவாரிக் காணியின் விலைக்கேயன்றிக் காற்றின் விலைக்கன்று. உழவன் விற்ற வயலிலே ஒரு முறை நாட்டிய காற்றாலைக்கு, அதன்பின் வேண்டியவர் ஒரு சில பொறியாளரும் காவற்காரருமே. உழவுக்கு வேண்டிய கைகள் அதற்கு வேண்டியதில்லை.

அன்று நாட்டிய சிறு காற்றாலைகள் பல, காற்று மிகுந்த இடங்களை இன்றும் பிடித்து நிற்கின்றன. அவற்றை அகற்றிப் பெரியவற்றை நிறுவுதற்கு 2024இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வகுத்தது. அழைப்பு விடுக்கப்பட்டது காற்றாலை உரிமையாளருக்கு, காணியை விற்றவனுக்கன்று.