மணலை நகரவிடாத 'ஃபோக்' செடி: தார் பாலைவனத்தில் குறைந்து வருவது ஏன்?

ராஜஸ்தானின் பிகானேர், ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில் மணல்மேடுகளை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது ஒரு புதர்ச்செடி. பெயர் ஃபோக். அந்த மணலைப் பிடிக்கும் வேரே இப்போது அதற்கு எமனாகி இருக்கிறது. எப்படி? பார்க்கலாம்.

இலை இல்லாமல் எப்படி வாழுது?

தூரத்தில் இருந்து பார்த்தால் குச்சிக் கட்டு மாதிரிதான் தெரியும். இலைகள் ரொம்பச் சின்னவை, சீக்கிரமே உதிர்ந்துவிடும். இலை வழியாகத் தண்ணீர் ஆவியாவதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. உணவு தயாரிக்கும் வேலையை பச்சைத் தண்டுகளே பார்த்துக்கொள்ளும். ஜெய்சால்மரில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிய விஷயம். அதிலும் இது தாக்குப்பிடிக்கும்.

பூமொட்டில் தயிர் பச்சடி

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கொத்துக்கொத்தாகச் சின்னப் பூக்கள் பூக்கும். இதன் மொட்டுகளை 'ஃபோக்லா' என்கிறார்கள். தயிரில் கலந்து ராய்தா செய்வார்கள். காயவைத்து எடுத்து வைப்பதும் உண்டு. ஒட்டகம், ஆடுகளுக்கும் இதுதான் தீவனம்.

வேருக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

ஃபோக்கின் வேர்கள் ஆழமாகவும் போகும், பக்கவாட்டில் தூரமாகவும் பரவும். மணலை வலை போட்டது மாதிரி பிடித்துக்கொள்ளும். ஆனால் இந்த வேர்க்கட்டை நல்ல சூட்டோடு எரியும். அதனால் விறகுக்கும் கரிக்கும் வேரோடு தோண்டி எடுக்கிறார்கள்.

கிளையை மட்டும் வெட்டினால் செடி மறுபடியும் துளிர்க்கும். வேரையே எடுத்துவிட்டால்? கதை முடிந்தது. டிராக்டர் உழவும், கால்வாய்ப் பாசனத்தால் பெருகிய விவசாயமும் மிச்சமிருந்த இடத்தையும் சுருக்கிவிட்டன.

செடி போனால் என்ன ஆகும்?

கோடைக் காற்றில் மணல் கிளம்பும். வயல், சாலை, கிணறு என எதையும் மூடும். இதைத் தடுக்கத்தான், 1959 முதல் ஜோத்பூரில் இயங்கும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம், மணல்மேடுகளில் நடுவதற்கு ஏற்ற செடிகளில் ஒன்றாக ஃபோக்கையும் பரிந்துரைக்கிறது.

புதிதாக நடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். இருக்கும் செடியில் கிளையை மட்டும் வெட்டி, வேரை விட்டுவைத்தாலே பாதி மணல் நின்ற இடத்தில் நிற்கும்.