பங்கு இளையோருக்கு ஓர் எளிய இணையத்தளம்: எதைப் போடுவது, எதைத் தவிர்ப்பது

பங்குகளின் இளையோர் ஒன்றியங்கள் பல இன்று முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலுமே இயங்குகின்றன. அவசரச் செய்தி சொல்ல அவை போதும். ஆனால் மூன்று மாதங்களுக்கு முந்திய அறிவித்தலை அங்கே தேடி எடுப்பது கடினம். குழுவில் இல்லாதவருக்கு எதுவுமே தெரியாது. போரால் பல திசைகளுக்குச் சிதறிய ஒரு பங்கு மக்களுக்கு, ஒரே முகவரியில் எப்போதும் திறந்திருக்கும் சிறிய இணையத்தளம் அதனால்தான் தேவைப்படுகிறது. வன்னியிலும் மன்னாரிலும் அப்படியொன்றை அமைக்க விரும்பும் இளையோருக்காக இதை எழுதுகிறேன்.

ஐந்து பக்கங்கள்

முகப்பு, நிகழ்வுகள், எங்கள் வரலாறு, படங்கள், தொடர்பு. என்னைக் கேட்டால் இவை போதும். இந்த ஐந்து பெயர்களும் எல்லாப் பக்கங்களின் மேற்பகுதியிலும் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும். பக்கத்துக்கு "அருளின் ஊற்று" என்று பெயர் வைத்தால் அழகுதான்; திருப்பலி நேரம் அதற்குள் இருப்பது யாருக்கும் விளங்காது.

அடுத்த நிகழ்வை முகப்பிலேயே போடுங்கள். நாள், ஆண்டு, நேரம், இடம் நான்கும் வேண்டும். "வரும் ஞாயிறு" என்று மட்டும் எழுதினால் அடுத்த வாரமே அது பிழையாகிவிடும். நேரலை இருந்தால் "இலங்கை நேரம்" என்று சேர்த்தெழுதுங்கள். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கும் உறவுகளுக்கு அது உதவும்.

எழுத்தும் படமும்

பாமினியில் தட்டிய எழுத்து, அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும், தேடுபொறியிலும் அகப்படாது. யூனிகோட்டுக்கு மாற்றிய பின்னரே பதிவேற்றுங்கள். அறிவித்தலைப் படமாக மட்டும் போட வேண்டாம். போரில் பார்வை இழந்தவர்கள் திரைவாசிப்பு மென்பொருள் மூலம் கேட்டறிகிறார்கள். படத்துக்குக் கீழே அதே விபரத்தை எழுத்திலும் தாருங்கள்.

கைத்தொலைபேசியில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி அளவில் இருந்தால், 30 படங்களுக்கு 120 எம்பி டேட்டா செலவாகும். ஒவ்வொன்றையும் 150 கேபி அளவுக்குச் சுருக்கினால் மொத்தம் 4.5 எம்பிதான்.

வரலாற்றுப் பக்கத்தில் புகழ்ச்சியைவிட ஆண்டும் இடமும் பெறுமதியானவை. மடு அன்னையின் திருச்சுருவம் 2008 ஏப்ரலில் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டது. அதுபோல உங்கள் பங்கு எப்போது இடம்பெயர்ந்தது, எங்கெங்கே தங்கியது, எப்போது மீளக்குடியேறியது என்று மூத்தவர்களிடம் கேட்டுப் பதியுங்கள்.

போடக்கூடாதவை

நினைவைக் காப்பதும் ஆட்களைக் காப்பதும் சிலவேளை முரண்படும். அப்போது ஆட்களைக் காப்பதே முதலில் வரவேண்டும் என்பது என் கருத்து. இளையோரின் வீட்டு முகவரி, சொந்தத் தொலைபேசி இலக்கம் எதுவும் வேண்டாம். தொடர்புக்குப் பங்குப் பணிமனையின் இலக்கம் போதும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் படத்துக்குப் பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள். படத்துக்குள் எடுத்த இடத்தின் விபரம் மறைந்திருக்கக்கூடும், அதை நீக்கிவிடுங்கள்.

விசுவாசச் சாட்சியங்களில் கூடுதல் கவனம் தேவை. தடுப்பில் இருந்ததையோ, புனர்வாழ்வு பெற்றதையோ ஒருவர் செபக்கூட்டத்தில் மனம் திறந்து சொல்லலாம். அதே சாட்சியம் அவருடைய பெயருடன் இணையத்தில் ஏறினால், பத்து வருடங்களின் பின் வேலைக்கோ திருமணத்துக்கோ விசாரிப்பவர் கண்ணிலும் படும். நீங்கள் அழித்தாலும் பிரதி வேறெங்காவது இருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயரையும் படத்தையும் குடும்பத்தின் சம்மதத்தோடு மட்டும் வெளியிடுங்கள்.

கையளித்தல்

தளத்தை அமைத்தவர் வெளிநாடு போனதும் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடக்கூடாது. ஒன்றியத்தின் பெயரில் மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்குங்கள். கடவுச்சொல் இருவரிடமாவது இருக்கட்டும். முகவரிக்கான கட்டணம் எந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதைப் பங்குப் பணிமனையிலும் எழுதி வையுங்கள். முழுத் தளத்தின் பிரதியை ஆண்டுக்கு இருமுறை வேறொரு கணினியில் சேமியுங்கள்.

திறப்பு விழாவுக்கு முன், தளத்தை ஒருபோதும் பார்த்திராத ஓர் அம்மம்மாவிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, அடுத்த திருப்பலி எப்போது என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அந்த இடத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும்.