வண்டல்: ஏரிக்குச் செலவு, வயலுக்கு வரவு!



நெய்வேலி என்றாலே நிலக்கரிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதற்கு மேலே கிடக்கும் செம்மண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முந்திரிக்கும் பலாவுக்கும் அது போதும். ஆனால் தண்ணீர் நிற்காது, சத்தும் தங்காது. இப்படிப்பட்ட மண்ணுக்கு நம் முன்னோர் கண்ட மருந்து ஏரி வண்டல்.

மழை அரித்து வரும் மேல்மண்ணும் மக்கிய இலைதழையும் ஏரியின் அடியில் படிகின்றன. கோடையில் ஏரி வற்றியதும் மாட்டுவண்டியில் அள்ளி வயலில் பரப்புவார்கள். வண்டலில் உள்ள களி ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். ஏரியும் ஆழமாகும். வணிகவியல் படிக்கிறவன் கண்ணில் இது விசித்திரமான கணக்கு... இரண்டு பக்கமும் லாபம்!

முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் (கி.பி. 921) ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுத்த முறை இருக்கிறது. நம் மாவட்டத்து வீராணம் ஏரியும் அவன் காலத்ததுதான். பிறகு ஆங்கிலேயர் 1858இல் குடிமராமத்தைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள். ஊர் தானாகச் செய்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டது என்றால், பழக்கம் அப்போதே தளர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

1960களில் உரமூட்டை பரவியது; வண்டல் வண்டிகள் குறைந்தன. வண்டல் சிறுகனிம விதிகளுக்குள் வந்ததால் அள்ளுவதற்கு அனுமதியும் தேவைப்பட்டது. 2017இல் தமிழக அரசு விவசாயிகள் இலவசமாக எடுக்க வழிசெய்தது. 2024இல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று எளிதாக்கினார்கள்.

உரம் அந்தப் போகத்துப் பயிருக்குச் சோறு போடும். வண்டல் மண்ணையே மாற்றும். ஏரியைத் தூர்ந்துபோக விட்டால் நட்டம் இரண்டு பக்கமும்தான், நண்பர்களே!