தோட்ட முகவரிகளை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

சங்கங்கள் எக்செல் அட்டவணையில் வைத்திருக்கும் முகவரிகளைக் கூகுள் மை மேப்ஸ் வழி வரைபடப் புள்ளிகளாக மாற்றலாம், கட்டணமில்லை. கணினியில் கோப்பை ஏற்றி, இடம் குறித்த பத்தி எதுவெனக் காட்டினால் போதும். ஓர் அடுக்கு 2,000 வரிசைகள் வரை ஏற்கும். புள்ளியைத் தொட்டால் அவ்வரிசையின் மற்ற விவரங்களும் திறக்கும்.

சிக்கல் தோட்டங்களில்தான். லயத்து வீட்டுக்குப் பல இடங்களில் தெருப்பெயர் இராது. புள்ளி பட்டணத்து நடுவில் போய் விழும். பெயரை நம்பவும் முடியாது. ‘லாடாங்’ என்று பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் சில, தாமான்களுக்கு இடம் மாறிவிட்டன. ஆகவே கைப்பேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து, செயற்கைக்கோள் காட்சியில் கூரையைத் தேடி, விரலால் அழுத்திப் பிடியுங்கள். கிடைக்கும் இரண்டு எண்களைத் தனித்தனிப் பத்திகளில் பதியுங்கள். முதலாவது அட்சரேகை, தீபகற்ப மலேசியாவில் 1 முதல் 7க்குள் வரும். அடுத்தது தீர்க்கரேகை, ஏறக்குறைய 100 முதல் 104. இடம் மாற்றிப் போட்டால் புள்ளி விழாது, அட்சரேகை 90ஐத் தாண்டாதல்லவா!

உதவி பெறும் முதியோர் பட்டியல் என்றால், இணைப்பு உள்ள எவரும் பார்க்கும்படி விடாதீர்கள். புலனக் குழுவில் ஒருமுறை போனால் அவர்கள் பெயரும் வீடும் ஊருக்கே தெரிந்துவிடும். வீடு வீடாகப் போகும் தொண்டர்களின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.