அம்பாசடரும் ஃபார்முலா ஒன்னும்: ஒரு கிராங்க் ஷாஃப்டின் கதை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் அந்த ரோட்டில் வாடகைக் கார் என்றாலே அம்பாசடர். அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினைப் பிரித்து, கிராங்க் ஷாஃப்டைத் தரையில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். நடுவில் உள்ள இரண்டு வளைவுகள் ஒரு பக்கம், ஓரத்தில் உள்ள இரண்டும் நேர் எதிர்ப்பக்கம். எல்லாம் ஒரே தளத்தில். இதற்குப் பெயர்தான் ஃப்ளாட் பிளேன்.

இதே வடிவம்தான் ஃபார்முலா ஒன்னில் பதினைந்து வருடங்களுக்கு மேல் கொடிகட்டிப் பறந்த எஞ்சினுக்குள்ளும் இருந்தது என்றால் நம்ப முடிகிறதா?

வி-8 எஞ்சின் என்பது இரண்டு நாலு சிலிண்டர் வரிசைகளை வி வடிவில் சாய்த்து, ஒரே கிராங்க்கில் பூட்டியதுதான். 1914இல் காடிலாக் வெளியிட்ட வி-8இலும் ஃப்ளாட் பிளேன்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு தொல்லை. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு முறை பக்கவாட்டில் அதிரும். சொகுசுக் கார் வாங்குபவர் இதைப் பொறுப்பாரா? அதனால் 1923இல் காடிலாக் வளைவுகளை 90 டிகிரிக்கு ஒன்றாகத் திருப்பி வைத்தது. முனையிலிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி இருக்கும். இதுதான் கிராஸ் பிளேன். அதிர்வு போயிற்று, ஆனால் கிராங்க்கில் கனமான எதிர் எடைகள் வந்து சேர்ந்தன.

ரேஸ்காரர்களுக்கு அந்த எடை மட்டும் பிரச்சினை இல்லை, புகை போகும் வழியும் பிரச்சினை. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் கோயில் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் சீரான இடைவெளியில் வெளியே வந்தால் நெரிசல் இல்லை. இரண்டு கூட்டம் அடுத்தடுத்து வந்தால் முட்டிக்கொள்ளும். கிராஸ் பிளேனில் ஒரே வரிசையைச் சேர்ந்த சிலிண்டர்கள் சீரற்ற இடைவெளியில் புகையைத் தள்ளும். ஃப்ளாட் பிளேனில் ஒவ்வொரு வரிசையும் சரியாக 180 டிகிரிக்கு ஒருமுறை தள்ளும். குழாய்களை அளந்து வைத்தால் ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் புகையை இழுத்துவிடும்!

கோவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் தன் ஒன்றரை லிட்டர் வி-8ஐ 1961இல் கிராஸ் பிளேனுடன்தான் கொண்டுவந்தது. புகையைச் சீராக்க, இரு வரிசைகளின் குழாய்களையும் குறுக்கே கொண்டுபோய்ப் பின்ன வேண்டியிருந்தது. 1963இல் ஃப்ளாட் பிளேனுக்கு மாறியதும் அந்தப் பின்னல் தேவைப்படவில்லை. அந்த வருடம் லோட்டஸில் ஜிம் கிளார்க் 7 பந்தயங்களை வென்று சாம்பியன் ஆனார்.

அடுத்து வந்தது காஸ்வொர்த் டிஎஃப்வி. ஃபோர்டு பணம் கொடுக்க, கீத் டக்வொர்த் வடிவமைத்த 3 லிட்டர் வி-8. 1967 ஜூன் 4 அன்று ஸாண்ட்வோர்ட்டில் நடந்த தன் முதல் பந்தயத்திலேயே, கிளார்க் கையில், வென்றது. 1983 வரை அதுவும் அதன் மறுவடிவான டிஎஃப்ஒய்யும் சேர்ந்து 155 கிராண்ட் ப்ரீ வெற்றிகள். 12 ஓட்டுநர் பட்டங்கள்.

விலை இல்லாமலா? இரண்டு மணி நேரப் பந்தயத்தில் அதிர்வைத் தாங்கலாம். 24 மணி நேர லெமான் பந்தயத்தில் அதே அதிர்வு காரின் பாகங்களையே பதம் பார்த்தது. 1975இல் கல்ஃப் மிராஜ் அணி எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, நிதானமாக ஓட்டித்தான் அங்கே ஜெயித்தது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் கார் பந்தயங்கள் நடந்தன. 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா அங்கே என்சைன் ஃபார்முலா ஒன் காரை ஓட்டினார். என்சைன் கார்கள் டிஎஃப்வியை நம்பிக் கட்டப்பட்டவை.

அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றது. ஃப்ளாட் பிளேன் நிற்கவில்லை. 2023 மாடல் கார்வெட் இசட்06இன் 5.5 லிட்டர் வி-8இலும் அதுதான். சொகுசுக்காகக் கைவிட்டதை வேகத்துக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வாடகை அம்பாசடரோ அதை எந்தப் பெருமையும் இல்லாமல் கடைசிவரை சுமந்துகொண்டே ஓடியது.