அளவுக்கு அடங்காத எண்

கண்டி மாநகருக்கு வருவோர் ஏரிக்கரையில் நின்று தலதா மாளிகையை நோக்கும்போது, அவர் கண்ணை முதலிற் கவர்வது அதன் எண்கோண மண்டபமாகும். பத்திரிப்புவ என வழங்கும் அம்மண்டபம், 1798 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் எழுந்தது. அதன் அருகால் நாடோறும் செல்லும் நாம், எண்கோணம் என்ற வடிவத்துள் ஒரு பழங்கணக்குப் புதிர் பொதிந்திருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

எட்டுப் பக்கமும் சமமாக அமையவேண்டின், ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் அளவறிந்து வெட்டவேண்டும். சதுரத்தின் மூலைவிட்டத்திற் பாதியைக் கயிற்றில் எடுத்து, ஒவ்வொரு மூலையிலும் ஊன்றி, இருபுறப் பக்கங்களிலும் குறியிடுக. பின்னர் ஒவ்வொரு மூலைக்கும் அண்மையிலுள்ள இரு குறிகளை இணைத்தால் எண்கோணம் அமைந்துவிடும். கயிறும் முளையும் உள்ளவனுக்கு இதில் இடரில்லை. ஆனால், அந்த மூலைவிட்டத்தை எண்ணாற் சொல்லுக என்றால் இடர் பிறக்கிறது. பக்கம் 1 முழமாயின் மூலைவிட்டம் 2 இன் வர்க்கமூலம். அது எந்தப் பின்னம்?

எண்சுவடி பயின்ற எம் பெரியோர் பின்னத்துக்கு அஞ்சியவரல்லர். மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என்று வகுத்து, அம்முந்திரியையும் 320 ஆகப் பிளந்து 1/102,400 ஆகிய கீழ்முந்திரி வரை சென்றனர். இவை யாவும் ஒரு முழு எண்ணை மற்றொரு முழு எண்ணால் வகுக்க வருவன. ஆதலின் விகிதமுறு எண்கள். அவ்வாறு எழுதவே இயலாதது விகிதமுறா எண். தசமத்தில் எழுதினும் வேறுபாடு புலப்படும். விகிதமுறு எண் ஓரிடத்தில் முடியும். அன்றேல், 1/7 என்பது 0.142857142857 எனச் செல்வதுபோல, வந்த இலக்கங்களே திரும்பத் திரும்ப வரும். விகிதமுறா எண் முடிவதுமில்லை, அவ்வாறு திரும்புவதுமில்லை.

வேள்விக்குரிய மேடைகளை அளந்து அமைத்த நம் முன்னோர் இம்மூலைவிட்டத்தை மிக நெருங்கிக் கண்டனர். கி.மு. 8 ஆம் நூற்றாண்டுக்கும் 5 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனக் கருதப்படும் பௌதாயன சுல்ப சூத்திரம் ஒரு விதி கூறுகின்றது. பக்கத்தோடு அதன் மூன்றிலொன்றைக் கூட்டி, அம்மூன்றிலொன்றின் நாலிலொன்றையும் கூட்டி, கடைசியாகச் சேர்த்ததன் முப்பத்துநாலிலொன்றைக் கழிக்கவேண்டும். கிடைப்பது 577/408. இதைச் சோதித்துப் பார்ப்போம். 577 இன் வர்க்கம் 332,929. 408 இன் வர்க்கத்தை இரட்டித்தால் 332,928. வேறுபாடு ஒன்றே ஒன்று!

அந்த ஒன்றையும் போக்கிவிடலாகாதா? இன்னும் நுட்பமான 1393/985 ஐ எடுப்போம். முன்னதன் வர்க்கம் 1,940,449. பின்னதன் வர்க்கத்தின் இரட்டி 1,940,450. அங்கே ஒன்று மிஞ்சியது. இங்கே ஒன்று குறைகிறது. எத்தனை தூரம் சென்றாலும் இவ்வேறுபாடு அற்றுப்போகாது. காரணம் எளிது. இனிச் சுருக்கவியலாத ஒரு பின்னம் சரியாகப் பொருந்திற்று எனக் கொள்வோம். மேலெண்ணின் வர்க்கம் கீழெண்ணின் வர்க்கத்தின் இரட்டியாதலால், மேலெண் இரட்டை எண்ணாகவேண்டும். இரட்டை எண்ணின் வர்க்கம் நாலால் வகுபடும், ஆகவே கீழெண்ணின் வர்க்கமும் இரட்டையாகும், கீழெண்ணும் இரட்டையே. இரண்டும் இரட்டையாயின் பின்னத்தை மேலும் சுருக்கலாமன்றோ? தொடக்கத்திற் கொண்டதற்கு இது முரண். ஆதலால் அப்படியொரு பின்னம் இல்லை. இந்நியாயம் கிரேக்கர் கண்டது. அரிஸ்டாட்டில் இதனைத் தம் நூலிற் குறிப்பிடுகிறார்.

ஈண்டு நாம் ஒன்றை ஒளிவின்றிச் சொல்லவேண்டும். மேடைகளில் நம்மவர் சிலர், உலகிலுள்ள கணிதமெல்லாம் நம் சூத்திரங்களில் உண்டென முழங்குவர். வேறு சிலர், நம்மிடம் ஒன்றுமே இல்லையெனக் கைவிரிப்பர். இரண்டும் அளவு பிறழ்ந்த பேச்சே. சுல்ப சூத்திரம் அம்மூலைவிட்டத்தைச் சவிசேஷம் என்கிறது. அச்சொல், எஞ்சிய சிறு வேறுபாட்டைக் குறிப்பதென ஒருசார் அறிஞரும், பக்கத்தின் மேல் மூலைவிட்டத்துக்குள்ள மிகுதியையே குறிப்பதென மற்றொரு சாராரும் கொள்வர். வியக்கத்தக்க கணக்கு அங்குண்டு, நிரூபணம் அங்கில்லை.

வட்டத்தின் கதையும் இதுவே. பாடசாலையில் நாம் கற்ற 22/7 சுற்றளவுக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதம் அன்று. அதற்கு அண்மையது மட்டுமே. கி.பி. 499 இல் ஆரியபடர், விட்டம் 20,000 ஆயின் சுற்றளவு 62,832 எனக் கூறி, அதனை ஆசன்னம், அதாவது அண்ணளவு, என்றே எழுதினார். ஏன் சரியான அளவைத் தராமல் அண்ணளவைத் தந்தார் என்ற வினாவை, 1444 இல் கேரளத்திற் பிறந்த நீலகண்ட சோமயாஜி தம் ஆரியபடீய பாஷ்யத்தில் எழுப்புகிறார். எந்த அளவுகோலால் விட்டம் மிச்சமின்றி அளவுபடுமோ, அதே கோலாற் சுற்றளவை அளந்தால் மிச்சமிருக்கும். மிச்சத்தைச் சிறிதாக்கலாம், இல்லாமற் செய்யவியலாது என்பது அவர் விடை. விகிதமுறா எண்ணின் இலக்கணம் இதுவேயன்றோ? எனினும் அதனை நிரூபித்தவர் லாம்பெர்ட் என்னும் ஐரோப்பிய அறிஞர், ஆண்டு 1761.

இளைஞர்காள்! ஆசன்னம் என்ற அந்த ஒரு சொல்லை நாம் முதுசொமாகக் கொள்வோமாக. சரியெனத் தோன்றுமளவு நெருங்கிய பின்னும், சரியன்று எனக் குறித்துவைத்த நேர்மை அதிலுண்டு. நம் முன்னோர் கண்டதைக் கண்டதென்றும், பிறர் நிறுவியதைப் பிறர் நிறுவியதென்றும் கூறுவதால் நம் பெருமை ஒரு முந்திரியளவும் குறையாது. அடுத்தமுறை எண்கோண மண்டபத்தின் அருகாற் செல்லும்போது, 332,929 க்கும் 332,928 க்கும் இடையே நிற்கும் அந்த ஒன்றைச் சற்றே நினைந்து செல்வீர்களாக.