ஆஃபர் லெட்டர் வந்தாச்சா? இப்போது நீங்கள் கேள்வி கேட்கும் நேரம்

வேலை கிடைச்சாச்சு. லெட்டர் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க" என்கிறார் எச்ஆர். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

கொஞ்சம் பொறுங்கள். இன்டர்வியூவில் அவர்கள் உங்களை விசாரித்தார்கள். இப்போது நீங்கள் அவர்களை விசாரிக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டால் அது சாதாரண சந்தேகம். அதையே மூன்று மாதம் கழித்துக் கேட்டால் தகராறு என்பார்கள்.

லெட்டரில் யார் பெயர்?

ஜொகூரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பாசிர் கூடாங், செனாய், தஞ்சோங் பெலப்பாஸ் பக்கம் தொழிற்சாலை, கிடங்கு வேலைக்குப் போகிறவர்களில் சிலருக்கு வாசல் போர்டில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் வேறொரு பெயர். நடுவில் ஒரு குத்தகை நிறுவனம் இருக்கும். அதில் தப்பில்லை. ஆனால், யாருடன் ஒப்பந்தம் போடுகிறீர்களோ அவர்தான் உங்கள் முதலாளி. சம்பளம் தள்ளிப்போனால் போர்டில் இருக்கும் பெரிய கம்பெனி, "எங்க ஆள் இல்லையே" என்று சொல்லிவிடலாம்.

அதனால் லெட்டரில் உள்ள பெயரையும் பதிவு எண்ணையும் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். 2019-இல் வந்த புதிய பதிவு எண்ணில் 12 இலக்கங்கள். முதல் நான்கும் நிறுவனம் பதிவான ஆண்டு. "20 வருஷ அனுபவம்" என்று சொல்லும் கம்பெனியின் எண் 2024 என்று தொடங்கினால் காரணம் கேளுங்கள். பழைய குழுமத்தின் புதிய கிளையாக இருக்கலாம், வேறு கதையாகவும் இருக்கலாம். சிறு கட்டணம் கட்டினால் இயக்குநர்கள் யார், முகவரி எது என்ற விவரமும் கிடைக்கும்.

இணையத்தில் வரும் விமர்சனங்களை ஓரளவுக்குத்தான் நம்பலாம். கோபத்தில் வெளியேறியவரும் எழுதுவார், எச்ஆர் சொல்லி எழுதியவரும் இருப்பார். அங்கே வேலை செய்யும் ஒருவரைக் கண்டுபிடித்து ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுப்பது மேல். அவரிடம் கேட்க வேண்டியது: "இபிஎஃப் பணம் மாசாமாசம் ஏறுதா?" முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் சந்தா கட்டியாக வேண்டும். கட்டினாரா என்பதை ஊழியர் தன் ஐ-அக்கவுனில் பார்க்கலாம். சம்பளத்தில் பிடித்த பணத்தையே கட்டாத கம்பெனி வேறு எந்த வாக்கைக் காப்பாற்றும்?

"2,800 ரிங்கிட் வரை" என்றால் என்ன?

விளம்பரத்தில் "வரை" என்ற சொல் இருந்தால் கால்குலேட்டரை எடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரி 1-இல் நடப்புக்கு வந்தது, ஐந்து பேருக்கும் குறைவானோரை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு ஆகஸ்ட் 1 முதல். அடிப்படைச் சம்பளம் இதுதான் என்றால், மீதி 1,100 ரிங்கிட் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் ஓவர்டைம்.

1,700-ஐ 26 நாளால் வகுத்து, ஒரு நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு 8 ரிங்கிட் 17 சென். சாதாரண நாளில் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12 ரிங்கிட் 26 சென். 1,100 ரிங்கிட் வர மாதம் சுமார் 90 மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும். தினமும் மூன்றரை மணி நேரம்! சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பே மாதம் 104 மணி நேரம்தான்.

பலர் கவனிக்காத இன்னொன்று: ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் கிடையாது. முதலாளியின் 13 விழுக்காடு 1,700-க்கு 221 ரிங்கிட். அடிப்படையே 2,800 என்றால் 364 ரிங்கிட். கையில் வாங்குவது ஒன்றாக இருந்தாலும், மாதம் 143 ரிங்கிட் உங்கள் சேமிப்பில் சேராமல் போகிறது. எனவே "அடிப்படை எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு?" என்று தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கும் அலுவலக ஊழியர்களுக்குச் சட்டப்படி ஓவர்டைம் உரிமை இல்லை. அவர்களுக்கு லெட்டரில் எழுதியதுதான் கணக்கு.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1955 வேலைச் சட்டம். 2023 முதல் வார வேலை நேரம் 45 மணிக்கு மேல் போகக்கூடாது. விலகல் நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், அவர்கள் ஒரு வாரத்தில் அனுப்பலாம் என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பயிற்சி கொடுத்து "பாண்ட்" போடுகிறார்களா? இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற தொகை தெரியாமல் கையெழுத்து வேண்டாம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை என்றால்

சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகும்போது மனம் தடுமாறத்தான் செய்யும். ஆனால் நிரந்தரவாசி அல்லாத மலேசியர்களுக்கு அங்கே சிபிஎஃப் கிடையாது. ஓய்வுக்காலச் சேமிப்பை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ் செலவு, வாடகை, காஸ்வேயில் நிற்கும் நேரம் எல்லாம் தனி.

வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பது முதலாளி அல்லது அவர் அமர்த்தும் முகவர். அங்குள்ள மனிதவள அமைச்சு கொள்கை அளவிலான அனுமதிக் கடிதம் ஒன்று தரும். அதில் உள்ள சம்பளமும் உங்களுக்குச் சொன்ன சம்பளமும் ஒன்றா என்று பாருங்கள். வேலை தருவதற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது அங்கே குற்றம். இங்கோ அங்கோ, உங்கள் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் முதலாளிக்கு உரிமை இல்லை.

"டெபாசிட் கட்டுங்க, சீட் உறுதி" என்று யாராவது கணக்கு எண் அனுப்பினால், அதைப் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே 997-ஐ அழையுங்கள்.

அனுமதிக் கடிதம் கைக்கு வரும் வரை, இப்போது இருக்கும் வேலையில் ராஜினாமா கொடுக்க வேண்டாம்.